அடியில் தங்கும் ஜவ்வரிசி

டீயில் சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தால் சொல்லுங்கள் சார், வேறு போட்டுத் தருகிறேன். ஆள் நிறைய வந்துவிட்டால் எனக்குக் கை தாராளமாகிவிடும்.

கேம்ப் வருவதற்கு முன் வடக்கனந்தல் தாண்டி இந்த அடிவாரத்து வீட்டில் நான் ஒருத்திதான். மகள் அபிநயா திருப்பூரில் இருக்கிறாள். செவ்வந்தி என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் கிடையாது. அப்புறம்தான் கல்வராயன் மலைக் கருங்கல்லில் உலோகம் தேட தீனதயாளன் தம்பியும் ஆட்களும் வந்து, பக்கத்திலேயே கொட்டகை போட்டார்கள். சமையல் என் பொறுப்பு. அடேயப்பா, என்ன கூத்து, என்ன சிரிப்பு.

தம்பி பெரிய படிப்பு படித்தவர். எனக்கும் புரிகிற மாதிரி சொல்வார். "அக்கா, ரொம்பப் பழைய காலத்துல, பூமிக்குள்ள உருகின பாறைக் கொழம்பு வெடிப்புல ஏறி, வெளிய வராம உள்ளயே ஆறிப்போச்சு. உங்க பாயாசத்துல ஜவ்வரிசி அடியில தங்குதுல்ல? அந்த மாதிரி குரோமியம், பிளாட்டினம்லாம் அடியில தங்கியிருக்கலாம்."

அதிலிருந்து அடிக்கடி பாயாசம் வைத்தேன். மனுஷன் ரசித்துக் குடிப்பார்.

போன வாரம் மலைக்கு அந்தப் பக்கம், எல்லாரும் மறந்துபோன பழைய சோதனைக் குழிக்கு, என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தனியாகப் போயிருந்தார். சாப்பாடு கொண்டுபோனேன். ஏணி வைத்து உள்ளே இறங்கியிருந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா. வெள்ளிக்கிழமை மூட்டை கட்டிக்கினு எல்லாரும் கெளம்புறோம்."

"இன்னா தம்பி, இன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

"எத்தினி தேடினாலும் இல்லாதது வருமாக்கா?"

மறுபடியும் அந்த வெறும் வீடா? ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். நிதானமாகத் தேடட்டும் என்றுதான். முதலில் அவரும் சிரித்தார். "வெளையாடாதீங்கக்கா," என்றார்.

கெட்ட எண்ணம் இருந்தால் பட்டினி போட்டிருப்பேனே. தினமும் வாளியில் சோறும் தண்ணீரும் இறக்கினேன். அவர் அருவிப் பக்கம் போனதாக உங்களிடம் சொன்னதும் நான்தான். நல்லதாகப் போயிற்று. கேம்ப் கிளம்பவில்லை, உங்கள் போலீஸ்காரர்கள், தீயணைப்பு ஆட்கள், ஊர்க்காரர்கள் என்று வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

முந்தாநாளிலிருந்துதான் வாளி இறக்கினபடியே திரும்பி வருகிறது. நேற்று பாயாசத்தைக்கூடத் தொடவில்லை. கூப்பிட்டாலும் பதில் இல்லை. இவ்வளவு ரோஷம் ஆகாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். டீயைக் குடித்துவிட்டு வாருங்கள், வழி காட்டுகிறேன். நாலு பேராகப் போய்ச் சமாதானம் சொன்னால் சாப்பிடுவார்.