உம் கொட்டியது போதும்

நான் எப்போது முடிப்பேனோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் சங்கத் தலைவர் அவர்களே, கட்டணம் வாங்காமல் நமக்காக வாதாட முன்வந்திருக்கும் வழக்கறிஞர் அம்மையார் அவர்களே, இந்த ஊருக்கு நமக்கு முன்னே வந்து, நாம் வழுக்கும் இடங்களிலெல்லாம் வழுக்கி எழுந்த பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் பாரமுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாதுகாப்பும் சட்ட உதவியும் என்று பெரிய தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசப் போவது ஒரு சின்னச் சத்தத்தைப் பற்றி. உம்!

கதை கேட்டால் உம், கவலை கேட்டால் உம், கணவர் கணக்கில்லாமல் பேசினாலும் உம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அது அடையாளம். ஏற்றுக்கொண்டேன் என்பதற்கா அடையாளம்? முன்வரிசை அண்ணன் இப்போதுகூட உம் கொட்டுகிறார். கொட்டுங்கள் அண்ணா, இங்கே ஆபத்தில்லை.

ஆபத்து வந்தது என் அண்ணிக்கு. மூன்றாம் வரிசையில், வலக்கையில் கட்டோடு இருக்கிறார். திரும்பாதீர்கள், கூச்சப்படுவார். சரி, பார்த்துவிட்டீர்கள்.

அண்ணிக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடவேண்டும். உருளைக்கு முன்னால் கை போகாமல் காக்க ஒரு கம்பித் தடுப்பு இருக்கவேண்டும். இல்லை. விரிப்போடு விரல்களும் உள்ளே போயின.

மருத்துவமனைக் கட்டிலுக்கே மேற்பார்வையாளரும் ஓர் அதிகாரியும் வந்தார்கள். தடுப்பைக் கழற்றியது நீதானே என்று இந்த ஊர் மொழியில் கேட்டார்கள். அண்ணிக்குப் புரிந்தது ‘நீ’ என்ற ஒரு சொல் மட்டும். என்ன சொன்னார்? உம். வேலை சீக்கிரம் முடியத்தான் கழற்றினாயா? உம். அப்படியானால் தவறு உன்னுடையதுதானே? உம். நம் வாயில் அது ‘சொல்லுங்க, கேக்குறேன்’. அவர்கள் காதில் அது ‘ஆமாம்’.

நான் கோபத்தில் கத்திவிட்டேன். “புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?”

“பாவம், நின்னுக்கிட்டே அவ்வளவு நேரம் பேசுறாங்க. நடுவுல புரியலன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?”

மரியாதை! விரல் வெந்து கிடக்கிறது, உயிர் போகும் வலி, அப்போதும் மரியாதை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வேலை போய்விட்டது. வேலை போனால் இங்கே தங்கும் அனுமதியும் போகும். திங்கட்கிழமை விசாரணை. அதில் தோற்றால் என் அண்ணனும் அண்ணியும் பிள்ளையும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

வழக்கறிஞர் அம்மையாரைப் பாருங்கள். படித்தவர், பட்டம் பெற்றவர். நம் தமிழ் புரியாது என்றதும் முதலில் என்ன கேட்டார்? மொழிபெயர்ப்பாளர் எங்கே என்றார். பக்கத்திலிருக்கும் தம்பி காதோரம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அம்மையார் வெட்கப்பட்டாரா? அவருக்குக் கூச்சமில்லாத ஒன்றில் நமக்கு மட்டும் ஏன் கூச்சம்? விசாரிக்க வருகிறவரிடம் நம் மொழியில் சொல்லச் சொல்லிக் கேட்பது உரிமை. உதவிக்கு வழக்கறிஞர் வரும்வரை காத்திருப்பதும் உரிமை.

அண்ணி உம் கொட்டியது உண்மை. மறுக்கவில்லை. அவர் வேலைக்குச் சேரும் முன்பே தடுப்பு இல்லை என்பதும் உண்மை. அது யாருக்குத் தெரியும்? அதே உருளையில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் எங்கே? இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

நமக்கெதற்கு வம்பு என்ற முணுமுணுப்பு கேட்கிறது. வம்பா? தடுப்பு இன்றும் இல்லை. நாளை அந்த உருளைக்கு உன் கை வேறு, என் கை வேறு என்று தெரியுமா? சாட்சி சொன்னதற்காக வேலையைவிட்டு நீக்கினால் அது தனிக் குற்றம் என்கிறார் அம்மையார். இதோ தலையசைக்கிறார். அவர் அசைத்தால் ஆமாம் என்றுதான் பொருள், நம் தலையாட்டல் போல அல்ல.

திங்கட்கிழமை வருவீர்களா?

உம் என்கிறீர்கள். இந்த உம் எனக்கு வேண்டாம். என் அண்ணியை வீதிக்குக் கொண்டுவந்த உம் இது. வருகிறவர் எழுந்து நின்று வாய் திறந்து சொல்லட்டும். காத்திருக்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம்.

யாரது கடைசி வரிசையில்? துணி மடிக்கும் அக்காவா? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

“நான் வரேன். நான் சேர்ந்த அன்னைக்கே அந்தத் தடுப்பு கிடையாது. அவ அதுக்கப்புறம்தான் வந்தா.”

கேட்டீர்களா? ஒரு வாய் திறந்தது. அதோ, சுவரோரத் தம்பியும் கை தூக்குகிறார். கை போதாது தம்பி, சொல்லுங்கள். “நானும் வரேன்.” நல்லது.

அண்ணி, நீங்கள் ஏன் எழுந்தீர்கள்?

“நீ சொல்லிக்குடுத்தியே, அதை ஒரு தடவை சொல்லிப் பாக்குறேன்.”

சொல்லுங்கள், இந்த ஊர் மொழியிலேயே சொல்லுங்கள்.

சொல்லிவிட்டார். ‘எனக்குப் புரியவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று சொல்லிவிட்டார். ஒரு சொல்லையும் விடவில்லை. அதோ, அம்மையார் எழுந்து நின்று கைதட்டுகிறார். இது ஒன்றை மட்டும் தம்பி அவருக்கு மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை.

பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், வாய் திறந்த அக்காவுக்கும் தம்பிக்கும் நன்றி. திங்கட்கிழமை காலை, விசாரணை மன்ற வாசலில் சந்திப்போம். வணக்கம்.