லைன் கிளியர்

கரண்ட் போனால் ஊர் முதலில் எனக்குத்தான் போன் போடும். பாகூர் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர் என்றால் பாதி வேலை திட்டு வாங்குவதுதான். நான் யாரையும் திருப்பித் திட்டியதில்லை சார். பதற்றப்படுகிறவன் சுவிட்சைத் தொடக் கூடாது.

செல்லப்பனைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல லைன்மேன். கம்பம் ஏறுவதற்கு முன் போனில் லைன் கிளியர் கேட்பான். நான் அந்த லைனை நிறுத்திவிட்டு, "குடுத்துட்டேன், ஏறு" என்பேன். அதற்குப் பிறகும், தப்பித் தவறிக் கரண்ட் வந்தால் மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் ராடைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது விதி. வேறு ஆபரேட்டர் இருந்தால் மாட்டுவான். என் ஷிப்ட் என்றால் மாட்டமாட்டான். "உன் குரலு போதும்பா எனக்கு. அந்த ராட எவன் தூக்கிக்கினு ஏறுறது?" என்று சிரிப்பான். கண்டித்திருக்கிறேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

பிறகு ஸ்டிரைக் வந்தது. துறையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று எல்லோரும் வெளியே வந்தோம். சங்கத்தின் கிளைக்கு நான் செயலாளர். இது அத்தியாவசியப் பணி, ஸ்டிரைக் செய்தால் கைது என்று அரசாங்கம் தடை போட்டது. ஆஸ்பத்திரி, தண்ணீர், எல்லாம் கரண்டில்தானே ஓடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தனும் உள்ளே போகாவிட்டால் எத்தனை பேரைத்தான் பிடிப்பார்கள்? ஸ்டிரைக் பந்தலில் அதைத்தான் சொன்னேன். வேனில் ஏற்றினால் சேர்ந்தே ஏறுவோம் என்று முதலில் கை தூக்கியவன் செல்லப்பன்.

மறுநாள் அவன் பந்தலுக்கு வரவில்லை. கம்பத்தில் இருந்தான். வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"எங்க தெரு காசம்மாவுக்கு கரண்ட் போயி மூச்சு மெஷின் நின்னுபோச்சுபா. அவ பொண்ணு வாசலாண்ட நின்னு அழுவுது. இன்னா பண்ணச் சொல்ற? போய் சரி பண்ணிக் குடுத்தேன்."

"அது சரி. டூட்டியில ஏன் கையெழுத்து போட்ட?"

"நான் ஏறுனத இன்ஜினியரு பாத்துட்டாரு. ஒண்ணு கையெழுத்து, இல்லன்னா ஜெயிலுன்னாரு. கரண்ட நிறுத்துறது பாவம்பா பிரகாசம்."

அவன் பின்னால் நாலு பேர் போனார்கள், அந்த நாலு பேர் பின்னால் மற்றவர்கள். சாயங்காலம் பந்தலில் நானும் வாடகை நாற்காலிகளும்தான் மிச்சம். கடைசியில் நானும் போய்க் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கூட இருந்தவனே காலை வாரிவிட்டான். வலித்தது சார், மறைப்பானேன். அதன் பிறகு அவனிடம் டூட்டி விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

கண்ட்ரோல் ரூம் சுவரில் புது உத்தரவு ஒட்டியிருந்தார்கள். மின் விநியோகத்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சிறை. சாப்பிடும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

போன வாரம் கரிக்கலாம்பாக்கம் வளைவில் கரும்பு லாரி கம்பத்தில் இடித்து இன்சுலேட்டர் விரிசல் விட்டது. கரண்ட் போகவில்லை. ஆனால் மாற்றியாக வேண்டும். செல்லப்பன் போன் செய்தான்.

"இன்னாபா, இன்னும் கோவமா? லைன் கிளியர் குடு."

எனக்குக் கோபமே இல்லை. சுவரில் இருந்ததை இன்னொரு தடவை படித்தேன்.

"குடுத்துட்டேன், ஏறு" என்றேன். சுவிட்சைத் தொடவில்லை.

நம்பினார் கெடுவதில்லை என்பார்கள். அன்றைக்கும் அவன் ராடு மாட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் தானாக விழுந்து லைன் நின்றது. லைனில் ஏதோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். காக்காயாக இருக்கலாம், தென்னை மட்டையாக இருக்கலாம். அதனால் ஒரு தடவை திரும்பப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். பட்டது என்ன என்று எனக்குத் தெரியும்.

திரும்பப் போட்டேன் சார். காசம்மாள் வீடும் அந்த லைன்தான். அவள் மெஷின் நிற்கக் கூடாதில்லையா.