ரோஜாப் பாத்தி

தென்னை நார்த்தூளைச் செடியின் தூரில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால், சித்திரை வெயிலிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டால் போதும். கிணத்துக்கடவுப் பக்கம் அது லோடு லோடாகக் கிடைக்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

என் பெயர் எமிலி பாக்கியம். முப்பத்தொரு வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்றதும் எங்கள் பழைய மிஷன் கோயிலுக்குச் சம்பளமில்லா ஊழியத்துக்கு வந்தேன். நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம் என்பதால் வெளியூர்க்காரர்கள் பஸ் வைத்துக்கொண்டு பார்க்க வருவார்கள். அவர்களுக்குச் சரித்திரம் சொல்ல வேண்டும், சேர்ந்து ஜெபிக்க வேண்டும், பூப்பாத்திகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் வந்தபோது பாத்தி என்று ஒன்றும் இல்லை. வெறும் சுக்கான்கல் பூமி. கடப்பாரை பிடித்துக் கொத்தி ரோஜா வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் சார், நான் நின்றுகொண்டே சொல்கிறேனே. கொஞ்ச நாளாக உட்கார்ந்தால் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

மூன்றாம் வருஷம் வெங்கடலட்சுமி ஊழியத்துக்கு வந்தாள். துடியலூர்க்காரி, புருஷனை இழந்தவள். ஞானஸ்நானம் எடுத்தும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. நல்லவள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லாம் அவளோடு ரோஜாப் பாத்தியில் நின்று போட்டோ எடுப்பார்கள். "இதெல்லாம் டீச்சருங்க போட்டதுங்க, நா தண்ணி ஊத்தறதோட செரி" என்பாள். என்ன தாழ்மை பாருங்கள் என்று அவளையே மெச்சுவார்கள். ஆயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில், வெங்கடலட்சுமி அம்மாவின் தோட்டம் என்றார். அவள் எழுந்து திருத்தினாள். சபை சிரித்துக் கைதட்டியது.

அன்றிலிருந்து எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. வாசலுக்கும் பாத்திக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அப்படி நடக்கும்போதுதான் நார்த்தூளுக்குள் கண்ணாடி விரியனைப் பார்த்தேன். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் படம் போட்டு நடத்திய பாம்பு. மூன்று நாள் அங்கேயே கிடந்தது. நான் கொண்டுவந்து விடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாலாம் நாள் காலையில், ரோஜாத் தூரில் களை மண்டிவிட்டது என்று வெங்கடலட்சுமியிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

அவள் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"என்னமோ சுருக்குனு ஏறிப்போச்சுங்க டீச்சர்."

நார்த்தூளுக்குள் வால் இழுபடுவது எனக்குத் தெரிந்தது.

"ரோஜா முள்ளு, கண்ணு. கழுவிப்போட்டு வா," என்றேன்.

கழுவினாள். மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் முழங்கை வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பத்து மணிக்கு ஈரோட்டிலிருந்து பஸ் வருகிறது, அவர்களை அனுப்பிவிட்டுப் போகலாம் என்றேன். சரிங்க என்றாள். யார் என்ன சொன்னாலும் சரிங்க என்பவள். பக்கத்தில் மண்டியிட்டு அவளுக்காக ஜெபித்தேன். மனம் அன்றுதான் ஒருநிலையில் நின்றது.

பஸ்ஸில் வந்தவர்களுக்கு நானே தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. ஆட்டோவில் கூட்டிப்போனேன். டாக்டர் கேட்டார், முள் என்று சொன்னேன். பாம்பாக இருக்குமோ என்று அவர் திரும்பவும் கேட்டபோது, நான் பக்கத்திலேயே இருந்தேன், முள்தான் என்றேன். அறிவியல் டீச்சர் சொன்னால் நம்புவார்கள். அவர்களாகச் சந்தேகப்பட்டு விஷமுறிவு மருந்து ஏற்றுவதற்குள் நேரம் போய்விட்டது. சாயங்காலம் இறந்துபோனாள். கடைசிவரை என் கையைப் பிடித்திருந்தாள். "உங்களுக்கு எத்தன சிரமங்க" என்றாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மனசாட்சி உறுத்தித்தான் வந்தேன் என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் நேற்று சபைக் கமிட்டி கூடியது. ரோஜாப் பாத்தி நடுவில் கருங்கல் நடப்போகிறார்களாம், வெங்கடலட்சுமி உருவாக்கிய தோட்டம் என்று எழுத்து வெட்டி. திறந்து வைக்க என்னைக் கேட்டார்கள். கல் வேலை திங்கட்கிழமை ஆரம்பம்.

அவளைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பாத்தியைப் போட்டதும் நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். திங்கட்கிழமைக்குள் ஆயருக்கு ஒரு நகல் போய்ச் சேர வேண்டும்.