ஊன்றுகோலுக்கு ஒரு நெத்தலி

மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் முன் சீற்றிலிருந்த ஓர் அம்மா, ஒற்றைக் காலோடு பக்கத்தில் இருந்த கணவரிடம் சொன்னார்:

"வீட்டு நெத்தலிக் கருவாடெல்லாம் நாய்க்குத்தான் போகுது. ஒரு நெத்தலி, ஒரு 'கெட்டிக்காரி', ஒரு தடவல்."

"ஊண்டுகோல் விழுந்தால் எடுத்துத் தாறாளெல்லே? அது அவளின்ர சம்பளம்."

"நேற்று அயல்வீட்டு மம்பெட்டியையும் கோலெண்டு நினைச்சுப் பிடியில கவ்வி இழுத்துக்கொண்டு வந்தாள். அதுக்கும் குடுத்தனீங்கள்!"

"ஆசையாக் கொண்டுவந்தவளை ஏசலாமோ? ஏசினால் பிறகு கோலையும் தொடமாட்டாள்."

அம்மாவின் குரல் தணிந்தது. "மகளின்ர பிள்ளைப்பேற்றுக்கு நான் வவுனியாவுக்குப் போனால், போனமுறை மாதிரிக் கிணத்தடியில விழுந்து கிடப்பியளோ எண்டுதான் பயம்."

"அவள் கோலைத் தருவாள், நான் எழும்புவன். நீர் போயிட்டு வாரும்."

பஸ் திடீரென்று பிரேக் போட, ஊன்றுகோல் நழுவி விழுந்தது. அம்மா உடனே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"கெட்டிக்காரி," என்று கணவர் தன் மடியிலிருந்த கச்சான் கடலையில் ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

"கலியாணம் கட்டின நாள் தொட்டு இண்டைக்குத்தான் இந்தச் சொல்லைக் கேக்கிறன்," என்று அம்மா கச்சானை வாங்கிக்கொண்டார். "சரி, வவுனியாவுக்குப் போறன். கருவாடு வாங்கி வைச்சிட்டுப் போறன். அந்த மம்பெட்டியை மட்டும் திருப்பிக் குடுங்கோ."