பெஞ்ச் இருந்த இடம்

முதலில், உட்காரச் சொன்னதற்கு நன்றி. எனக்கு முட்டி வலி. நின்றுகொண்டே உண்மை பேச வராது.

நான் மருத்துவத் தர மேற்பார்வையாளர். பதவியைக் கேட்டால் டாக்டர்களுக்கே பாடம் நடத்துகிறவன் போலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்து பிடிபட்டவர்களை அடைத்து வைக்கும் தடுப்பு முகாம் அது. அங்கே வைத்தியம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வைத்தியம் நடக்கிறதா என்று பார்ப்பது வேறொருவர் வேலை. அந்த இடம் காலியாக இருந்தது.

விதி நல்ல விதிதான். நோயாளி காத்திருப்பு பெஞ்சில் உட்கார்ந்ததும் காவலர் பொத்தானை அழுத்துவார். சுவர்க் கடிகாரம் ஓடும். ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸ் பார்த்தாக வேண்டும். தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். முழுக் கட்டடத்துக்கும் ஒரே நர்ஸ். அந்தம்மா பறந்தாலும் சிவப்புதான்.

இன்னொரு நர்ஸ் கேட்டேன். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆள் கேக்காதீங்க, யோசனை சொல்லுங்க" என்றார். அவர் தலைக்கு மேலே 'கருணையே எங்கள் தரம்' என்ற பலகை, கொஞ்சம் கோணலாக.

சரி என்று பெஞ்சை எடுத்துவிட்டேன்.

"சார், பெஞ்ச் எங்க?" என்று கேட்டார் நர்ஸ்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"நாலு காலும் நல்லாத்தானே இருந்துச்சு. அதுக்கு என்ன நோவு?"

"பாத்துட்டுத்தான் சொல்லணும்மா."

"பெஞ்சையாவது யாரோ பாக்குறாங்களே" என்று முனகிவிட்டுப் போனார்.

பெஞ்ச் இல்லாததால் யாரும் உட்காரவில்லை. உட்காராததால் யாரும் காத்திருக்கவில்லை. நடைவழித் தரையில் உட்காருவது ஏற்கெனவே தடை. முடிந்தவர்கள் நின்றார்கள், முடியாதவர்கள் அறைக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களைக் குணமானவர்கள் என்று எடுத்துக்கொண்டேன். சிவப்பு விளக்கில் தூசி படிந்தது. ஆண்டு விழாவில் எனக்குக் கேடயம் கொடுத்து, மனிதநேயத்தின் மறுபெயர் நான்தான் என்று இயக்குநர் முழங்கினார். என் சொந்தப் பெயரைத்தான் தப்பாகச் சொன்னார்.

பிறகு தையல்காரர் வந்தார். முகாமில் அடைபட்டிருந்தவர்தான், காவலர்களின் சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்துக் கொடுப்பார், என் கோட்டுக்கும். சர்க்கரை நோய்க்காரர். வலது கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நிக்க முடியல. உள்ள கொஞ்சம் சொல்லுங்களேன்."

"போய்ப் படுங்கண்ணே. கால மேல தூக்கி வச்சா சரியாயிடும்."

"நேத்தும் அதான் சொன்னீங்க. வச்சுத்தான் பாத்தேன். கால்தான் உங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டே சொன்னதால் வலி பெரிதாக இருக்காது என்று நினைத்தேன் என முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

காலிலிருந்து அழுகல் வாடை வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். போன வருஷம் என் மாமியார் காலிலும் அதே வாடைதான். அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு விரலை எடுத்ததோடு போயிற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறி ஆளே போயிருப்பார் என்றார் டாக்டர். ஆகவே தையல்காரருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நர்ஸ் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். உள்ளே விட்டிருந்தால் வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள். பெஞ்ச் பேச்சு வரும். காவலரைக் கூப்பிட்டு, தையல்காரருக்குத் தோள் கொடுத்து அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். விடியும்போது கட்டிலில் இறந்து கிடந்தார். நான்தான் சாகவிட்டேன். ஆனால் காக்க வைக்கவில்லை, கடிகாரத்தைப் பாருங்கள்.

பெஞ்ச் எங்கே என்று கேட்டீர்கள். என் வீட்டில், வாசல் பக்கம் இருக்கிறது. மாமியார் அதில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுவார். சாட்சியத்துக்கு வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துப்போங்கள். ஒன்றே ஒன்று, அவர் உட்கார வேறு ஏதாவது போட்டுவிட்டு எடுங்கள். கால் சரியில்லாத மனுஷியை நிற்க வைக்கிற அளவுக்கு மனசு கல்லாகிவிடக் கூடாது பாருங்கள்.