குடாவின் குறுக்கே ஒரு நேர்கோடு

கடையில் வாங்கியபடியே, எதையும் மாற்றாமல், பனிமேல் ஓடும் மோட்டார் பனிவண்டியை ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்காது. சிலருக்குப் பேரப்பிள்ளைகள், சிலருக்குத் தேவாலயப் பாடகர் குழு. எனக்கு மருந்துக்கடையும் வண்டியும்தான். உங்கள் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையை மாதாமாதம் எண்ணிப் போடுகிறவன் நான்தான், தம்பி. ஹார்வி டோலனன் அளவு தவறிவிட்டான் என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. நீங்கள் எழுதத் தொடங்கும்போது அதையே முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம்.

என் வண்டி டர்போ வைத்தது. இன்ஜின் வெளியே தள்ளும் புகையே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும். அந்த விசிறி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடலாம், இரண்டும் கூடினால் வேகம் கூடும். கம்பெனிக்காரர்கள் இந்த அருமையான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதைப் பயந்து பயந்து பூட்டியும் வைத்திருந்தார்கள். காற்றழுத்தத்தை ஒரு அளவுக்கு மேல் ஏற விடாதபடி வண்டியின் கணினிப் பெட்டியில் கட்டுப்பாடு. குழந்தைகள் திறக்க முடியாத மாத்திரைக் குப்பி மூடி போல. நான் குழந்தை இல்லை. பெட்டியை விஸ்கான்சினில் ஒருவருக்கு அனுப்பிப் பூட்டைத் திறந்து வாங்கினேன்.

அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றவில்லை. ஒவ்வொரு பவுண்டாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தேன். பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டன் மெழுகாய் உருகிவிடும். அதனால் பந்தயப் பெட்ரோல், பெரிய பம்ப். புதிய பலத்துக்குப் பழைய கிளட்ச் தாங்காது என்று அதன் எடைக்கட்டிகளை மாற்றினேன். எல்லாம் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதால் கடையில் மருந்துத்தூள் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன்.

என் மனைவி ஜூடித் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, தராசெல்லாம் கிரீஸ்?"

"தொடச்சிடுவேன்."

"தொடைக்கலேன்னா அந்தத் தூளு யாரு வயித்துக்குப் போகும்?"

துடைத்தேன். நான் கவனக்குறைவானவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பனிவண்டிப் பாதைக் கழகத்தில் பாதுகாப்புக் குழுத் தலைவர் நான்தான். குழுவில் வேறு யாரும் கிடையாது. வருடா வருடம் டிசம்பரில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, வளைவில் வேகத்தைக் குறையுங்கள், பனிக்கட்டியின் கனம் தெரியாமல் ஏரியில் இறங்காதீர்கள் என்று பேசுவேன். கேட்டுவிட்டுக் கைதட்டுவார்கள். ஏரிமேல் பாதை போகும் இடங்களில் வழிகாட்டும் குச்சிகளை நடுவதும் என் பொறுப்பு. வண்டியில் நான் செய்ததெல்லாம்கூடப் பாதுகாப்புக்காகத்தான். வேகம் கூடியதால் நிறுத்த வேண்டியிருந்தது, அதற்காக அடிப்பட்டையில் ஆணிகள் அடித்தேன். ஆணிகள் பிடித்துக்கொண்டதால் வேகம் இன்னும் கூடியது. சைலன்சரை மாற்றியது, நான் வருவது முன்கூட்டியே எல்லோர் காதிலும் விழட்டும் என்று. விழுந்தது. குதிரை வைத்திருந்த ஒரு குடும்பம் ஊரை விட்டே போனது.

ஜீனோ பால்தசாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாய் வேலை செய்கிறவன், என்னைவிட இருபது வயது இளையவன். அவன் வண்டியில் டர்போ கிடையாது. ஆனால் இலேசானது, வளைவில் பூனை மாதிரி திரும்பும். சனிக்கிழமைதோறும் பெட்ரோல் நிலையத்திலிருந்து அக்கரை மது விடுதி வரை ஓடுவோம். வழி ஏரியின் கார்னெட் குடாக் கரையை ஒட்டிப் போகும். பாதி தூரத்தில், படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில், முழங்கையை மடக்கியது போல ஒரு வளைவு. அதுவரை நான் முன்னால் இருப்பேன். அங்கே அவன் என்னைத் தாண்டிப் போவான்.

விடுதிக்குள் நான் தலைக்கவசத்தைக் கழற்றும்போது அவன் இறைச்சி அடைத்த பாஸ்டியில் பாதியை முடித்திருப்பான்.

"வாங்க மருந்துக்காரரே. வண்டிக்கு ஏதோ டானிக்கெல்லாம் குடுக்கறீங்களாமே?"

"குடுக்கறேன்."

"அதுக்கப்புறமும் எம் பின்னாடிதான வர்றீங்க. ஒருவேள காலாவதியான டானிக்கோ?"

மொத்த விடுதியும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

சறுக்குக் கட்டைகளின் அடியில் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும் நீளமான கார்பைடு பட்டைகள் போட்டேன். ஷாக் அப்சார்பரை இறுக்கினேன். இரண்டு முறை அந்த வளைவில் தேவதாரு மரத்துக்குள் போய் விழுந்து எழுந்து வந்தேன். கடைசியில்தான் புரிந்தது, வண்டியில் குறை எதுவும் இல்லை. குறை வளைவில் இருந்தது.

குடாவின் குறுக்கே நேராகப் போனால் வளைவே கிடையாது. ஆனால் நடுவில் ஆறு வந்து ஏரியில் கலக்கிறது. நீரோட்டம் இருப்பதால் அங்கே எந்தக் குளிரிலும் பனிக்கட்டி சரியாக உறையாது. அதனால்தான் பாதையைக் கரையோரமாகச் சுற்ற வைத்திருக்கிறோம். நான்தான் அப்படி வைத்தேன். இருந்தாலும் ஒரு வியாழக்கிழமை முழு அழுத்தத்தில் குறுக்கே விட்டுப் பார்த்தேன். போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது என் தடத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீர் எனக்குப் பின்னால்தான் இருந்தது, முன்னால் இல்லை. வேகமாகப் போகிற வண்டியைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, தம்பி. அது தயங்குகிறவர்களைத்தான் பிடிக்கும்.

ஜீனோவிடம் சொன்னேன். அவன் தலையாட்டவில்லை.

"குச்சி நட்ட வழியில வந்தாதான் கணக்கு. நீங்க குறுக்க வந்துட்டு ஜெயிச்சேம்பீங்க, நான் கேட்டுக்கணுமா?"

நியாயமான பேச்சு. விதி என்றால் விதி. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போய்க் குச்சிகளை நகர்த்தினேன்.

உங்கள் அறிக்கையைச் செய்தித்தாளில் படித்தேன். குடித்துவிட்டு வந்த பையன்கள் யாரோ விளையாட்டாகப் பிடுங்கி நட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததற்கு அதுதான் காரணம். அந்தக் குச்சிகள் கரைக்குக் கரை கயிறு பிடித்து நட்டவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே இடைவெளி, ஒரே உயரம், வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லைகூட ஒரே திசையில். குடிகாரப் பையன்களால் அப்படி நட முடியாது. நடுவில் துளை போட்டுப் பார்த்தேன், பனிக்கட்டி மூன்று விரல் கனம் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் நான் நடந்து போகவில்லை. வயிற்றில் ஊர்ந்து போய் நட்டேன். அவ்வளவு சிரமப்பட்டு ஒருவன் செய்த வேலையை விளையாட்டு என்று எழுதிவிட்டீர்கள்.

அன்று மாலை ஜெயித்தேன். ஜீனோ குச்சிகளைப் பார்த்ததுமே வண்டியை நிறுத்திவிட்டானாம். திரும்பிப் போய்க் கரையோரமாகச் சுற்றி வந்து சேர்ந்தபோது என் பாஸ்டி முழுதாகவே முடிந்துவிட்டது.

"யாரு வழிய மாத்துனது?" என்றான்.

"கழகம்."

"கழகம்னா யாரு?"

"பாதுகாப்புக் குழு."

என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு பீர் வாங்கிக் கொடுத்தான். அவன் ஏன் அதற்கு மேல் கேட்கவில்லை என்று நீங்கள் அவனிடமும் விசாரிக்கலாம்.

குச்சிகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஜெயித்த அன்றே பிடுங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு வாரமாவது நிற்கட்டும் என்று விட்டேன்.

வாரன் லாம்பினனையும் வெர்னாவையும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் படித்த பள்ளியின் பேருந்தை வாரன்தான் ஓட்டினான்; நூலகத்தில் உங்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தது வெர்னாவாகத்தான் இருக்கும். வாரனும் நானும் ஒரே வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் அவர்களுடைய பழைய இரட்டை இருக்கை வண்டியில் அக்கரைத் தீயணைப்பு நிலையத்தில் ஊருக்குப் போடும் அப்பம் சாப்பிடப் போவார்கள். வெர்னா பின்னால் உட்கார்ந்து, எதிரே வருகிற எல்லோருக்கும் கையசைப்பாள். நடந்து போகிறவர்கள்கூட அவர்களைத் தாண்டிவிடலாம். போன நவம்பரில் அந்த வண்டியையும் கொஞ்சம் முடுக்கித் தருகிறேன் என்று சொன்னேன்.

"எதுக்குப்பா?" என்றான் வாரன். "அப்பம் ஓடிடவா போகுது?"

நான் ஜெயித்த மறுநாள், ஞாயிறு, ஏரிப்பனி கொட்டியது. ஒரு குச்சியிலிருந்து பார்த்தால் அடுத்த குச்சி தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது. கரை தெரியாது, படகுக் கொட்டகை தெரியாது. அவர்கள் குச்சியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நடுவில் பனிக்கட்டி உடைந்து வண்டி உள்ளே போனது. வாரன் எப்படியோ விளிம்பைப் பிடித்து ஏறிவிட்டான். வெர்னா ஏறவில்லை.

நானும் அங்கே வந்தேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் சட்டை போட்டிருந்தேன். வாரனைச் சட்டென்று சூடேற்றக் கூடாது, மெல்ல மெல்லத்தான் என்று நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவனைக் காப்பாற்றினார்கள். இதை யாரும் எங்கேயும் எழுதவில்லை. மீட்புக்காரர்கள் குச்சிகளைத் தள்ளிவிட்டு, மிதித்து, வரிசையையே கெடுத்துவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு அது பையன்கள் வேலை மாதிரி தெரிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. வாரன் அதை உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அன்று காலை கிளம்புவதற்கு முன் எனக்குப் போன் செய்தான்.

"ஹார்வி, வெளிய ஒண்ணுமே தெரியலப்பா. குடா எப்படி இருக்கு? குச்சியெல்லாம் நிக்குதா?"

"நிக்குது. நேத்துதான் பாத்தேன்."

"அப்ப அதப் பாத்துட்டே போயிடலாம்ல?"

"போகலாம். நடுவுல மட்டும் வேகத்தக் குறைக்காத."

"ஏன்?"

"வண்டிக்கு நல்லது."

"சரிப்பா," என்றான். "வெர்னா உனக்கும் அப்பம் கொண்டு வர்றாளாம்."

கரையோரமாகப் போ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். காரணம் வாரனுக்குத் தெரிந்தால் வெர்னாவுக்குத் தெரியும், வெர்னாவுக்குத் தெரிந்தால் நூலகத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். நான் ஜெயித்த ஓட்டம் செல்லாது என்பான் ஜீனோ. இதையெல்லாம் போனைக் காதில் வைத்தபடியே நிதானமாக யோசித்தேன். அவசரத்தில் சொன்ன பதில் இல்லை அது. அவர்கள் இருவரின் எடையையும், அந்த வண்டி எட்டக்கூடிய வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குச் சரியாக வரவில்லை. அதனால்தான் வேகத்தைக் குறைக்காதே என்று சொன்னேன்.

நேற்று மருத்துவமனையில் வாரனைப் பார்த்தேன். விரல்களில் கட்டுப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ அப்பவே சொன்னியேப்பா, வேகத்தக் குறைக்காதன்னு," என்றான். "வெர்னா என் முதுகுல தட்டி, 'தண்ணி தெரியுதுங்க'ன்னா. நான் பயந்து ஆக்சிலேட்டர்லேருந்து கைய எடுத்துட்டேன். நான்தான் ஹார்வி. நீ சொன்னத நான் கேக்கல."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் அழுதான். பயம் வந்தால் யாராயிருந்தாலும் கையை எடுக்கத்தான் செய்வார்கள், அதற்காக உன்னை நான் தப்பாக நினைக்கவில்லை என்றேன். அவன் என் கையை விடவே இல்லை. தாதி வந்து நேரமாகிவிட்டது என்றபோது எழுந்து நின்று, அவன் காதில் விழும்படி தெளிவாகவே சொன்னேன்: உன்னை மன்னித்துவிட்டேன், வாரன்.