ஞாயிற்றுக்கிழமை சாகப் போகிறவர்

தாம்பரத்தில் பீச் வண்டி கிளம்பக் காத்திருந்தது. பெண்கள் பெட்டியில் என் எதிரே இரண்டு பேர், ஒரே ஆபீஸ் போலிருக்கிறது. ஜன்னலோரம் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரர் தினமும் காலைல ஹால்ல செத்துட்டிருக்காருக்கா."

மூத்தவர் டிபன் பையை மடியிலிருந்து கீழே வைத்தார்.

"என்னடி சொல்ற?"

"ஞாயித்துக்கிழமை வண்டலூர் பக்கம் ஒரு தோப்புல சோழர் காலத்துப் போர் நடத்திக் காட்டறாங்க. எல்லாரும் வேஷம் கட்டிக்கிட்டு வருவாங்க. முதல் தடவை வர்றவங்க முதல் சண்டையிலயே செத்துடணுமாம். அதான் மெத்தையைப் போட்டு விழுந்து பழகறாரு."

"செத்தவங்க அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"அவங்களுக்குத்தான் முதல் பந்தி."

"சரி, ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"ரெண்டு வருஷமா சோபாவே கதின்னு கெடந்தாருக்கா. காலிங் பெல் அடிச்சாக்கூட எழுந்திருக்க மாட்டாரு. இன்னைக்குக் காலைல பத்து தடவை விழுந்தாரு. பத்து தடவையும் தானா எழுந்தாரு."

வண்டி கிளம்பி சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் மூத்தவர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"ஏய், எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே. சாக இன்னும் ஆள் வேணுமான்னு கேளேன்."